பக்கத்து அலை

குராமோச்சி கண்ணடித்ததும்
பன்னிரண்டாம் பெட்டிக் கணவாய்
யாருக்கும் போகாமல் நின்றுவிட்டது.
"அவனுக்குத்தானே தள்ளிவிடப் பார்க்கிறாய்?"
என்று வியாபாரிகள் கத்தினார்கள்.
ஏலம் கூறிக்கொண்டிருந்த அவர்
யாரையும் பார்க்கவில்லை.

முதலில் இடது கீழிமை.
அப்புறம் கன்னம்.
ஏழு வருடத்தில் வாயோரம்வரை இறங்கி வந்தது.
முகம் கோணாத மனிதர் என்று
ஹகோதாதே துறைமுகத்தில் பெயர் எடுத்தவருக்குப்
பாதி முகம் மட்டும் கோணியது,
தூக்கத்திலும்.
(தூக்கத்தைப் பற்றிச் சொன்னது அவர் மனைவி.
அவர் நம்பவில்லை. வீடியோ எடுத்துக் காட்டினார்.)

என் வேலை ஊசிகளோடு.
கன்னத்தெலும்பின் அருகே
மின்சாரத்தால் ஒரு தட்டு.
தட்டிய கதவு மட்டும் திறந்தால் நல்ல நரம்பு.
இவருக்குத் தாடையும் எழுந்து வருகிறது,
பத்து மில்லி விநாடி கழித்து,
தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று
செருப்பு மாட்டிக்கொண்டு வரும்
அண்டை வீட்டுக்காரரைப் போல.

இந்தப் பக்கத்து அலையைத்தான்
பதினொரு வருடமாகத் துரத்துகிறேன்.

மூளைத்தண்டை விட்டு
நரம்பு வெளியேறும் இடத்தில் அதன் உறை மாறுகிறது.
உள்ளூர்ச் சட்டை கழன்று
வெளியூர்ச் சட்டை ஏறும் இடைவெளி,
அரிசிமணி நீளம்கூட இல்லை.
அங்கேதான் ஒரு தமனி வளைந்து வந்து சாய்கிறது.
நிமிடத்துக்கு எழுபது இடி.

உறை தேய்ந்து
இழையிலிருந்து இழைக்குச் செய்தி கசிகிறது
என்கிறது ஒரு கட்சி.
கசிவெல்லாம் இல்லை,
இடிபட்டு இடிபட்டு
உள்ளே நரம்பின் கருவே பதறப் பழகிவிட்டது
என்கிறது மற்றது.
மாநாடுகளில் நான் முதல் கட்சியோடு சாப்பிடுகிறேன்.
என் எலிகள் இரண்டாம் கட்சிக்கு வாக்களிக்கின்றன.

பிப்ரவரியில் நிஷிகோரி
காதுக்குப் பின்னால் ஒரு நாணயமளவு திறந்து
உள்ளே போனார்.
நான் திரையில் அலையைப் பார்த்திருந்தேன்.
தட்டு. தாடை.
தட்டு. தாடை.
"தூக்குகிறேன்" என்றார்.
தட்டு.

திரையில் கோடு. வெறும் கோடு.
11:42 என்று எழுதினேன், கை நடுங்கியது.
வாணலியில் பூசுகிறார்களே, அதே டெஃப்ளான்,
அதில் பஞ்சுபோல ஒரு துணுக்கை
இரண்டுக்கும் நடுவில் செருகிவிட்டு வெளியே வந்தார்.
அன்றிரவு நான் எழுதிய வாக்கியத்தில்
'காரணம்' என்ற சொல்
நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

ஏப்ரலில் ஒப்பீட்டுக்கு ஆள் போதவில்லை.
நோயில்லாத முகங்கள் முப்பது வேண்டும்,
இருந்தது இருபத்தொன்பது.
நானே ஸ்கேனுக்குள் படுத்தேன்.

முப்பதாம் எண்ணின் படத்தை
வேறு யாருடையதோபோலத் திறந்தேன்.
இடதுபுறம்,
உறை மாறும் அதே இடத்தில்,
குராமோச்சியினுடையதைவிடத் தடித்த தமனி
நரம்பைக் குழியும்படி அழுத்திக்கொண்டிருந்தது.

கழிவறைக்குப் போய்க் கண்ணாடி பார்த்தேன்.
நாற்பத்தாறு வருடமாக இந்த இடியைக் கேட்டும்
எனக்கு எதையும் சொல்லாத முகம்.
அகத்தில் இருப்பது முகத்தில் தெரியும் என்பார்கள்.
தெரியவில்லை.

'காரணம்' என்பதை அடித்துத்
'தொடர்பு' என்று எழுதினேன்.
நிஷிகோரி அதைச் சுற்றி வட்டம் போட்டு
ஒரு கேள்விக்குறி வைத்தார்.
இன்னும் பேசிக்கொள்ளவில்லை.

மறுபரிசோதனைக்கு வந்த குராமோச்சி
ஒரு குறையோடு வந்தார்:
"இப்போது கண்ணடிப்பதில்லையா,
கர்வம் பிடித்துவிட்டது என்கிறார்கள்."
கூடவே ஒரு பை நிறையக் கணவாய்.
நரம்புக்குள் மின்சாரம் ஓடும் விதத்தை
எங்கள் துறை முதலில் படித்தது
இதன் உடம்பில்தான் என்றேன்.
"அப்படியா" என்றார், மரியாதைக்கு.
"இன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள்."

திரும்பும் டிராமில்
ஜலசந்திக் காற்று ஜன்னல் இடுக்கால் அடித்தது.
இடது இமை ஒருமுறை துடித்தது,
அல்லது தூசி.
மடியில் பை ஈரமாகிக்கொண்டிருந்தது.
ஜூஜிகாய் நிறுத்தம்வரை
அடுத்ததற்காகக் காத்திருந்தேன்.