பேக்கரிப் படம்

கவுன்சில் கொடுத்த படம் ஏழடி அகலம்.
மூடிக்கிடந்த செருப்புக்கடைக் கண்ணாடியில்
அடுக்கிய ரொட்டி, மாவு படிந்த கை,
திறந்தமாதிரி ஒரு கதவு.
கிரிம்ஸ்பியில் அன்று காற்று வேறு;
ஒரு மூலையை அழுத்தினால் மறு மூலை
எழும்பி முகத்தில் அறைந்தது.

இரண்டு மணிநேரம் பார்க்கிங் இலவசம்,
பதினான்கு பூந்தொட்டி, பிறகு இது.
தொப்பிக்காரர் ஒருவர் நேரே வந்து
படத்துக் கதவைத் தள்ளிப் பார்த்தார்.
"எத்தனை மணிக்குத் திறப்பார்கள்?"
நான் ஏணியை நகர்த்தினேன்.

மார்ச்சில் டாய்வாவுக்கு அதே கடை,
ஆறு மாதம் வாடகை இல்லை.
துணி திருத்தும் வேலை, இரண்டு மெஷின்.
ஒட்டின கையையே உரிக்கவும் அனுப்பினார்கள்.
வெந்நீர், பிளேடு, மூன்று கெட்டவார்த்தை.
எல்லாம் வந்தது, ஒரேயொரு ரொட்டி
நகத்துக்கும் மசியவில்லை.
"இருக்கட்டும்" என்றார், வாயில் குண்டூசியோடு.

இப்போது காற்சட்டை நீளம் குறைக்க வருகிறவர்கள்
ரொட்டி இருக்கா என்று கேட்டுவிட்டுத்தான்
ஸ்டூலில் ஏறி நிற்கிறார்கள்.
ஆகஸ்டோடு ஆறு மாதம் முடிகிறது.
மீதிச் சுருள் ஒன்று என் வேனில் கிடக்கிறது,
உறை பிரிக்காமல்.
கவுன்சில் அதைத் திரும்பக் கேட்கவும் இல்லை,
எறிந்துவிடு என்று சொல்லவும் இல்லை.