மூன்று மூடிகளின் விலை

ஹுனெரோ கொண்டுவந்தது
இரண்டு மூட்டை பார்லி,
கைப்பிடி உடைந்த வெண்கலக் கண்ணாடி,
பால் மரத்த ஓர் ஆடு.
கணக்கன் பாசேர் விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு
மூன்று சாடிக்குத்தான் காணும் என்றான்.
ஆட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்றான்.

நைல் வடிந்துகொண்டிருந்த மாதம்.
கூடாரத்துக்குள் ஈக்களுக்கு நல்ல காலம்.
பலகைமேல் அவள் புருஷன் பென்னுப்,
அரசர்கள் படுக்கப்போகும் அறைகளை
முப்பது வருடம் மலைக்குள் குடைந்தவன்.
இடது விலாவுக்குக் கீழே நான் திறந்த வாய்
இன்னும் மூடவில்லை.
உடலைக் கீறிய பாவத்துக்காக
வழக்கப்படி என்னைக் கல்லெறிந்து துரத்தினார்கள்.
வழக்கப்படி நான் சுற்றிவந்து
பின்பக்கமாக நுழைந்து வேலையைத் தொடர்ந்தேன்.

நெஞ்சை எடுக்கமாட்டோம், அது அவனுடனே போகும்.
மற்றதெல்லாம் உப்பில் உலர்ந்து சாடிக்குள்.
நாலு சாடிக்கு நாலு மூடி,
நாலு மூடிக்கு நாலு முகம்,
ஹோரஸின் பிள்ளைகள்.
'ஒருவன் குறைந்தாலும்
ஒரு திசை திறந்து கிடக்கும்' என்றான் பாசேர்.
இன்னொரு மூட்டை எங்காவது இருக்கும்
என்கிற நப்பாசை அவனுக்கு.

அவள் மூடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள்,
சந்தையில் பூசணி பார்ப்பவள் மாதிரி.

மனித முகம், ஈரலுக்கு. இம்செட்டி.
'இவர் மாமனார் ஜாடை. இருக்கட்டும்.'

வல்லூறு, குடலுக்கு என்றேன்.
அவள் மகள், ஆறு வயதிருக்கும், கேட்டாள்:
'வல்லூறு குடலைத் தின்றுவிடாதா?'
இருபது வருடத் தொழிலில்
இதை நான் யோசித்ததில்லை.
பாசேரும் பேசவில்லை.
அந்த மூடியையும் அவள் எடுத்துவைத்தாள்.

நரி, இரைப்பைக்கு.
ஹுனெரோ சிரித்தேவிட்டாள்.
'கூலித் தானியம் வராத வருடங்களில்
அதற்குள் காவல் காக்க என்ன இருந்தது?'
பிறகு சிரிப்பை விழுங்கிக்கொண்டு,
'நரி வேண்டும். இனியாவது
யாராவது அதைக் கவனிக்கட்டும்.'

மிச்சம் ஹாபி, குரங்கு முகத்தான்.
நுரையீரல் அவன் பொறுப்பு.
'அதை என் கையில் கொடு' என்றாள்.
கொடுப்பதில்லை. கொடுத்தேன்.

நான் தொட்ட நுரையீரல்கள்
நனைந்த கடற்பஞ்சின் கனம்தான் இருக்கும்.
இது கனத்தது.
விரல்களுக்கிடையே நறநறத்தது.
எத்தனை அரசர்களின் சுவர்
இவனுக்குள் பொடியாக இறங்கியிருந்ததோ,
எந்தச் சுவர் எவருடையது என்று
பிரிக்க எந்தக் கணக்கனாலும் ஆகாது.
'இதற்கு எதற்குக் கல்சாடி?' என்றாள்,
'இதுவே கல்.'

எழுபது நாள் கழித்து வந்தார்கள்.
ஹுனெரோவின் இடுப்பில் ஒரு பீர் ஜாடி,
கழுவியும் புளித்த வாடை போகாதது.
மகளின் உள்ளங்கையில்
ஆற்றுமண் பிசைந்து காயவைத்த மூடி.
மொழுமொழுவென்று, மூக்கில்லை, முகமில்லை.
'இது எந்தத் தெய்வம்?' என்று எகிறினான் பாசேர்.

சிறுமி மூடியைத் திருப்பிக் காட்டினாள்.
அடிப்பக்கம், ஜாடிக்குள் போகிற பக்கம்,
கட்டைவிரலால் அமுக்கிய இரண்டு குழிகள்.
ஒன்று பெரிது, ஒன்று சிறிது.

நான் எதுவும் சொல்லவில்லை.
துணிப்பொதியை உள்ளே இறக்கி
பிசின் பூசி அடைத்தேன்.
ஹாபிக்கு உரிய வாசகத்தைக்
குரல் தாழ்த்தாமல் முழுசாகச் சொன்னேன்,
நெப்திஸின் பெயரையும் விடாமல்.
அதற்குக் காசு கேட்கவில்லை என்று
பாசேர் இன்றுவரை முணுமுணுக்கிறான்.

கல்லறைக்குள் மற்ற மூவரும்
தெற்கையும் கிழக்கையும் மேற்கையும்
வெறித்தபடி நிற்கிறார்கள்,
எவன் வருவான் என்று.
வடக்கே மட்டும்
அந்த மண்மூடி
உலகத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறது.
யார் வந்தாலும் அதற்குத் தெரியப்போவதில்லை.
இருட்டில்,
ஒரு கண் பெரிதும் ஒரு கண் சிறிதுமாக,
உள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கிறது,
இருமல் திரும்ப வருகிறதா என்று.