நூற்றுக்கு அறுபது

கண்டியில் டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில்
ஒரு வாஷர் நசிந்து பிதுங்கி
நரம்பில் சாய்ந்து கிடக்கிறது.
வாஷர் என்றது நான்தான். அவர் வேறு பெயர் சொன்னார்.
வெட்டினால் நூற்றுக்கு அறுபது, என்றார்.
மிச்ச நாற்பது பேர் எங்கே போவார்கள் என்று
கேட்க வாயெடுத்தேன்.
அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார்கள்.
செவ்வாய்க்கிழமை முடிவோடு வரட்டாம்.

திருக்கடலூர்க் கரையில் இருபத்திரண்டு வருஷம்
நாற்பது குதிரைவலு எஞ்சின்களைத்
தோளில் சுமந்து மணல் ஏறியவன்.
இப்போது செருப்பைக் காலால் துழாவுகிறேன்.
தும்மல் வந்தால் முதலில் சுவரைப் பிடிக்கவேண்டும்.
இடது காலில், குதிவரை,
ஒரு மீன்முள் இறங்கிக்கொண்டே இருக்கிறது.

கிண்ணியா ரைசுதீன் செய்துகொண்டவர்.
விடியற்காலை பாலத்தில் நடக்கிறார்.
"செய் மச்சான், வீணா யோசிக்காத."
பாலையூற்று மரியநாயகமும் செய்துகொண்டவர்.
வீட்டுக்கே போய்ப் பார்த்தேன்.
நல்லா இருக்கிறன் என்றார், நின்றுகொண்டு.
தேத்தண்ணி குடித்து முடியும்வரை
அவர் உட்காரவே இல்லை.

அன்சலா எதுவும் சொல்லவில்லை.
கன்னியாவுக்குக் கூட்டிப்போய்
ஏழு கிணற்றிலும் வாளி வாளியாய் அள்ளி
என் இடுப்பில் ஊற்றினாள்.
எது சுகம் என்று கேட்டாள்.
நாலாவது என்றேன், சும்மா.
நாலாவதிலேயே அள்ளிக்கொண்டு நின்றாள்,
கை சிவக்கும்வரை.

இரவு சீமெந்துத் தரையில் மல்லாந்து கணக்குப் பார்க்கிறேன்.
மூன்று மாதம் பாரம் தூக்கக்கூடாது.
வாடை பெயர்ந்து படகுகள் கரையேறும் மாதங்கள் அவை;
எஞ்சின்கள் என்னைத் தேடி வரும் மாதங்கள்.
வருஷத்துச் சம்பாத்தியத்தில் பாதி.
மற்றப் பாதி ஏற்கெனவே மருந்துக்கடையில்.

நேற்று விநோகரன் ஓட்டோவில் ஒரு எஞ்சினோடு வந்தான்.
ஓடுகிறது, ஆனால் இருமுகிறது.
காது வைத்துக் கேட்டேன்.
"திறக்காத. இந்தச் சீசன் ஓட்டிப் பார்.
திறந்த எஞ்சின் பழையபடி மூடாது."
எத்தனை பேருக்குச் சொன்ன வசனம்.
அவன் தலையைச் சொறிந்தான்.
"நடுக்கடலில நிண்டால்?"

பதில் இருந்தது, எப்போதும் போல.
சொல்வதற்குள் ஸ்பானர் நழுவி மணலில் விழுந்தது.
இரண்டு பேரும் அதையே பார்த்தோம்.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மானொன்று
கழுத்தை வளைத்து அதை முகர்ந்து பார்த்துவிட்டு,
தின்ன ஒன்றுமில்லை என்று போனது.

விநோகரன்தான் குனிந்து எடுத்துத் தந்தான்.
"இறக்கு" என்றேன்.
"திறந்து பாப்பம்.
செவ்வாய்க்கு முதல் முடிச்சுத் தாறன்."