பக்கம் 198

எட்மன்டனில் மைனஸ் முப்பத்தொன்று.
இழுவண்டிக் கம்பெனியின் இரவு மேசையில்
நானும் ஹீட்டரும்
பதினோரு டாலர் நாவலும்.

அட்டையில் அதே கப்பல்: நாரை ஏழு.
டிவியில் ஆறு சீசனும் பார்த்தவன் நான்,
என் ஆங்கிலத்தில் பாதி அதன் சப்டைட்டில்.
அபயக் குரல் கேட்டால் கப்பல் திரும்பும்.
யார், எந்தக் கோள்,
எரிபொருள் எவ்வளவு மிச்சம்,
எல்லாம் பிறகு.

இந்தப் புத்தகத்தில்
கேப்டன் இலோரா கணக்குப் பார்க்கிறாள்.
நானூறு பேர் அழுகிற அலைவரிசையை
விரல் நுனியால் அணைக்கிறாள்.
'துணிந்த முடிவு' என்று அத்தியாயத் தலைப்பு வேறு.
அடுத்த பக்கத்தில் காப்பி குடிக்கிறாள்.
அவள் காப்பியே குடிக்க மாட்டாள், ஐயா.
அதுகூடத் தெரியாதவனிடமா
கப்பலைக் கொடுத்தீர்கள்?

ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: பொய்.
அழுத்தியதில் முனை உடைந்தது.

மூன்று பத்துக்கு போன்.
யெல்லோஹெட் நெடுஞ்சாலை, பனிப்பள்ளம்,
புரியாத மொழி பாதி, இருமல் பாதி.
உறுப்பினர் எண் இல்லையாம். கார்டும் இல்லையாம்.
எண் இல்லாமல் வண்டி அனுப்பினால்
காலையில் க்ளென் கத்துவான்.

புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன்.
பக்கத்தில் ஏதாவது பலகை தெரிகிறதா
என்று கேட்டேன்.