பம்பு அறையில் ஒரு சட்டை

நெப்ராஸ்காவின் மேற்கு ஓரம். ஜூன் மாதம்.
பம்பு அறைக் குழாயில்
தொங்கிக்கொண்டிருந்தது சட்டை.
நாலடி நீளம்.
உட்புறம் வெளியே திரும்பி,
பிள்ளைகள் அவசரத்தில் உருவிப்போடும் காலுறை போல.

லோர்னா வர்ப்கா
அதைக் காகிதத் தட்டில் ஏந்திவந்து
சமையல் மேசையில் விரித்தாள்.
நிறம் உடம்போடு போய்விட்டது.
மிச்சம் செதில் கணக்குதான்.
வால் நுனியும் கிழிந்திருந்தது,
இருந்திருந்தால்
கூரா மொட்டையா என்று
பார்த்ததும் சொல்லியிருக்கலாம்.

முள் எடுக்க வைத்திருந்த பூதக்கண்ணாடி.
அடிவயிற்றில் கழிவுத்துளையைத் தேடி
அங்கிருந்து வால் பக்கமாக எண்ணினாள்.
செதில் ஒற்றை வரிசையென்றால் கிலுகிலுப்பை விரியன்.
இரட்டையென்றால் காளைப்பாம்பு,
நம் சாரைக்கு ஒன்றுவிட்ட உறவு,
எலி தின்னும், சீறும், அவ்வளவுதான்.
இரண்டு. இரண்டு. இரண்டு.
ஜிப் பல்லைப் போல
இறுதிவரை இரண்டு.

சரக்கு ரயில் ஓட்டிக் களைத்து
ஓய்வறையில் படுத்திருந்த டாரலைக் கூப்பிட்டாள்.
"இரட்டை வரிசை" என்றாள்.
"எதுக்கு இரட்டை வரிசை?"
சொன்னாள்.
கொஞ்ச நேரம் கழித்து அவன்,
"மண்வெட்டி கதவுக்குப் பின்னால இருக்கு."

புதன்கிழமை தண்ணீர் நின்றது.
சுவிட்சுக்குள் எறும்பு புகுந்திருக்கும்,
வருஷா வருஷம் புகும்.
தொட்டிக்குப் பின்னால் இருட்டில்
கையை நீட்டினாள்,
இரட்டை வரிசையை நம்பி.

சத்தம்.

காளைப்பாம்பு நடிக்கும், படித்திருக்கிறாள்.
வாயால் சீறும், வாலால் சருகை அடிக்கும்,
கிலுகிலுப்பை என்று நம்மை நம்பவைக்கும்.
ஆனால் இங்கே சருகு ஏது?
வெறும் சிமெண்டுத் தரை.

இதை அவள் யோசித்து முடிப்பதற்குள்
கை தானாக வீடு திரும்பியிருந்தது.
டார்ச் வெளிச்சத்தில்
ஒடுங்கிய கழுத்து, அகன்ற தலை,
தூக்கிய வாலில் எட்டுக் கண்ணி,
எட்டும் ஒரே மங்கலாக நடுங்கின.

சட்டை பொய் சொல்லவில்லை.
தன் ஆளைப் பற்றி மட்டும் சொன்னது.
ஒரே பொந்துக்கு இரண்டு குடித்தனம் என்று
அது ஏன் சொல்ல வேண்டும்?

கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு
பின்வாக்கில் நடந்தாள்.
ஏழு ஆடுகள் காலித் தொட்டியைச் சுற்றி
அவளையே பார்த்தன.
ஆர்வில் ஸ்டுட்ஹைட் வண்டியில் தண்ணீர் கொண்டுவந்தான்,
கூடவே ஒரு மண்வெட்டியும்.
அவனுக்கு இடது கையில்
ஆட்காட்டி விரல் பாதிதான்.
"எப்போ கடிச்சது?"
"வெட்டினப்புறம்" என்றான்.
"உடம்பு ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்.
தலைய எடுத்து எறியலாம்னு குனிஞ்சேன்."
மண்வெட்டியை வண்டியிலிருந்து இறக்கவில்லை.

இரவு, வாசற்படியிலும்
வெளிச்சுவரில் பொந்தின் வாயிலும்
மைதா மாவைச் சலித்துத் தூவினாள்,
ரொட்டிக்கு வைத்திருந்தது.

பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள்.
இவளுக்கு மாவு அறிவித்தது.
காலையில் படியில் ஒரே தடம்,
அடிமட்டம் வைத்துக் கோடிழுத்தாற்போல் நேராக,
வெளிப்பக்கப் புல்வரை
வெள்ளை இழுபட்டிருந்தது.
கனத்த பாம்பு அவசரமில்லாமல் போனால்
அப்படித்தான் போகும்.
போயிற்று.

எறும்பை ஊதினாள். பம்பு இருமி, ஓடியது.
கால் அங்குலக் கண்ணி வலையை
பொந்தின் மேல் வைத்து
மூன்று பக்கம் ஆணி அடித்தாள்.
நாலாவது ஆணி உதட்டில் இருக்கும்போதுதான்
நினைவு வந்தது:
வளைந்து வளைந்து போகிற தடம்
மாவில் எங்குமே இல்லை.
சட்டைக்காரர்
போகவும் இல்லை, வரவும் இல்லை.

காதைச் சுவரில் வைத்தாள்.
பம்புச் சத்தம்தான் கேட்டது.
ஆணியை வாயிலிருந்து எடுக்காமல்
அங்கேயே உட்கார்ந்திருந்தாள்,
வெயில் ஏறுகிற வரை.