அடியில் ஒரு காதணி விழா

சின்னப்பாலத்தில் கேன்வாஸ் கிடைக்காது.
ஃப்ளெக்ஸ் கிடைக்கும். நான் அச்சடித்துப் பிழைப்பதும் அதில்தான்.
விழா முடிந்து கழற்றிய பதாகையொன்றைத்
திருப்பிப்போட்டுச் சட்டத்தில் ஆணியடித்தேன்.
ஆக, நம்புலட்சுமியின் முகத்துக்குப் பின்னால்
மண்டபத்து இரட்டையருக்குக் காது குத்துகிறார்கள்.
கூலிங்கிளாஸ் போட்ட தாய்மாமன்கள் பதினொரு பேர்
வருக வருக என்று கும்பிடுகிறார்கள்.

மேலே சிமெண்டுச் சாக்கின் காகிதம்,
அதன்மேல் அவளுடைய அடையாள அட்டையின் ஜெராக்ஸ்,
நான்காகக் கிழித்து, ஃபெவிகால் வைத்து.
அட்டையில் அவள்
திருடிப் பிடிபட்டவள் போல இருப்பாள்.
"அதக் கிழிச்சயே, அது ஒண்ணுதான் உருப்படி" என்றாள்.

கூந்தலுக்கு அறுந்த நைலான் வலை.
"நான் என்ன நண்டா?"

ஊரில் அவளை நம்பு என்றுதான் கூப்பிடுவார்கள்.
கரையில் யாராவது உரக்கக் கூப்பிட்டால்
யாரையோ கெஞ்சுவது போலக் கேட்கும்.

பிறகு பாசி.
தீவோரம் முங்கி முங்கி அவள் பறித்துவரும் மரிக்கொழுந்துப் பாசியில்
இரண்டு பிடி கேட்டு வாங்கிக்
கொதிக்கவைத்து வடித்து
அந்தக் கூழில் மஞ்சள் காவியைக் குழைத்தேன்.
"கிலோ என்ன விலைக்குப் போகுது தெரியுமா?
மூஞ்சியில பூசுற."
நாலாம் நாள் கன்னத்தில் பூஞ்சை பிடித்தது.
சாம்பலா பச்சையா என்று சொல்லமுடியாத நிறம்,
என்னால் ஒருபோதும் கலக்கமுடியாதது.
ஒரு பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
பிளேடு எடுத்துச் சுரண்டினேன்.
காகிதமும் சேர்ந்து வந்துவிட்டது.
இப்போது சாயங்கால வெயில் பின்னாலிருந்து விழுந்தால்
அவள் தாடைக்குள் ஒரு தாய்மாமன்
மங்கலாகக் கும்பிடுகிறார்.
அவரை அப்படியே விட்டுவைத்தேன்.

கச்சான் காற்றில்
அக்ரிலிக் தூரிகையிலேயே காய்ந்துவிடுகிறது.
எண்ணெய் வண்ணமோ வாரமானாலும் காயாது,
மணலை வாங்கி வைத்துக்கொள்ளும்.
நெற்றி சொரசொரப்பு அப்படி வந்தது.
நல்லா இருக்கே எப்படிப் பண்ணினாய் என்று கேட்டவர்களிடம்
உத்தி என்றேன்.

வராதது கண்ணைச் சுற்றிய குழி.
வருஷக்கணக்காய் ரப்பர் கண்ணாடி அழுத்தி அழுத்திப்
பதிந்துபோன வளையம்.
கரி வைத்தேன், மெழுகு உருக்கி ஊற்றினேன்,
பாட்டில் மூடி, சிரட்டை விளிம்பு,
எதை வைத்து அழுத்தினாலும்
ஆந்தைதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை நேராகக் கடலிலிருந்து வந்தாள்.
விரல்களில் சுற்றிய துணி இன்னும் சொட்டியது.
படம் தரையில் கிடந்தது, மேல்பூச்சு ஈரமாக.
நெற்றிமேல் ஏற்றியிருந்த கண்ணாடியைக் கழற்றி,
ஒன்றும் சொல்லாமல் குந்தி,
உள்ளங்கையால் ஓர் அமுக்கு.
எடுத்தாள்.
இடப்பக்கம் ஒரு நூல் தாழ்ந்து
இரண்டு வளையங்கள்.
கூந்தல் நீர் சொட்டி மூக்கருகே எண்ணெய் திரண்டு விலகியது.

அதோடு தூரிகையைக் கழுவிக் கவிழ்த்தேன்
என்று சொல்ல ஆசைதான்.
இல்லை. அதன்மேல் இரண்டு பூச்சு பூசினேன்.
ஒன்றைத் துடைத்தேன்.
துடைத்த துணியையும் ஒட்டலாமா என்று
யோசித்துக்கொண்டிருந்தபோது
வாசலில் அவள்.

"நேத்துக் கடலுக்குள்ள
ஓரமெல்லாம் காவியாத் தெரிஞ்சுது.
மீனு, பாறை, முன்னால நீந்துன செல்லக்கிளி காலு,
எல்லாத்துக்கும் காவிக் கரை.
சோப்புப் போட்டும் போகல.
மண்ணெண்ணெய் வச்சிருக்கியா?"