அடிக்கு இத்தனை

வண்ணார்பேட்டை பைபாஸில்
பேட்டரிக் கடைக்கு மேல்மாடி எங்கள் ஏஜென்சி.
மூன்று மேசை, ஒரு ஏசி,
ஏசி சொட்டும் இடத்தில் பெயிண்ட் வாளி.
‘கிரியேட்டிவ்’ என்ற பலகையில்
‘கி’ மட்டும் ராத்திரியில் எரியாது, எட்டு மாதமாய்.
ஊருக்கெல்லாம் பலகை செய்து கொடுப்பவள் நான்.

இந்த வாரம்
ஆலங்குளத்துப் பல் டாக்டருக்கு
சிரிப்பைப் பற்றி நாற்பது வாசகம் வேண்டும்.
களக்காட்டு நேந்திரம் சிப்ஸுக்கு
மொறுமொறு என்று எழுதாமல் மொறுமொறுப்பு வேண்டும்.
கோச்சிங் சென்டருக்கோ
போன வருடம் தேறிய அதே ஆறு பிள்ளைகள்
இந்த வருடமும் தேற வேண்டும்.
மாட்டேன் என்றேன். வாடிக்கை போயிற்று.
சொன்ன அன்று பெருமையாக இருந்தது.
இருபத்தெட்டாம் தேதி அவ்வளவாக இல்லை.

ஊக்கம் எங்கிருந்து வருகிறது என்று
பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் பேசக் கூப்பிட்டார்கள்.
ஆறு என்றேன், நடை என்றேன்,
விடிகாலைப் புத்தகம் என்றேன்.
பொன்னாடை போர்த்தினார்கள்.
இசக்கிராஜின் பைக் தவணையிலிருந்து வருகிறது,
ஜெபசெல்வி மகளின் வேன் கட்டணத்திலிருந்து வருகிறது
என்று சொல்லவில்லை.
சில மாதம்
அங்கிருந்தும் வருவதில்லை.

அப்படி வராத ஒரு செவ்வாய்க்கிழமை
போர்வெல் கம்பெனி சொரிமுத்து அண்ணாச்சி படியேறி வந்தார்.
லாரிக்குப் பின்னால் எழுத ஒரே ஒரு வரி.
‘எவ்வளவும்மா ஆகும்?’
சொன்னேன்.
‘ஒரு வரிக்கா?’
‘நூறு எழுதிக் கிழிச்சாத்தான் அந்த ஒண்ணு, அண்ணாச்சி.’
கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.
‘அப்பம் நம்ம தொழில்தாம்.
நாங்களும் தண்ணிக்குக் காசு வாங்குததில்ல.
அடிக்குத்தாம்.’

மூன்று வாரம்.
‘ஆழமே எங்கள் அடையாளம்’ என்று எழுதினேன்.
ஜெபசெல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.
பூமித்தாய் வந்தாள், போனாள்.
கங்கை கூட வந்தது, மூலைக்கரைப்பட்டிக்கு.
அண்ணாச்சியே போன் போட்டார்:
‘ராத்திரி வண்டி போடுதோம், வந்து பாருங்க.’

உடைமரங்களுக்கு நடுவே மஞ்சள் வெளிச்சம்.
காது இரண்டும் கம்ப்ரசருக்கு எழுதிக் கொடுத்தாயிற்று.
இருபது அடிக்கு ஒருதரம்
ஜார்க்கண்ட் பையன் ஒரு பிடித் துகள் அள்ளி
கோணிமேல் வரிசையாய் வைத்தான்.
கரிசல்.
சுக்கான்.
வெள்ளைப் பாறை.
அதே பாறை.
அதே பாறை.
அதே பாறை.
என் மேசையில் கிழித்துப் போட்டவை
அந்த ஒழுங்கில் என்றும் கிடந்ததில்லை.

முந்நூற்று எண்பதில் எந்திரம் நின்றது.
‘இன்னும் இருபது போடவா?’
தோட்டக்காரர் பரமகுரு
கட்டைவிரலால் மற்ற விரல்களை எண்ணினார்.
என்ன கூட்டினாரோ, எதைக் கழித்தாரோ,
‘போடுங்க’ என்றார்.
நானூற்று அறுபதில் துகள் கறுத்தது.
பிடித்துப் பார்த்தேன், பிடி நின்றது.
ஐந்து மணிக்கு ஒன்றரை இஞ்சுத் தண்ணீர்.
தென்னைக்குக் காணாது,
எலுமிச்சைக்குப் போதும் என்றார்கள்.

தலையெல்லாம் பாறை மாவோடு
முதல் பஸ்ஸில் எழுதினேன்:
‘இன்னும் இருபது அடி.’

அண்ணாச்சி இரண்டுதரம் வாசித்தார்.
‘நல்லாத்தாம் இருக்கு. ஆனா வேண்டாம்மா.
படிக்கிறவன் செலவு கூடுமேன்னு பயந்துக்கிடுவான்.’
இப்போது லாரிக்குப் பின்னால்
பேத்தி பெயரும் செல்போன் நம்பரும்.
பணத்தை முழுசாய் எண்ணி வைத்தார்.
வேண்டாம் என்றேன், அரை மனதாய்.
‘தோண்டுனியள்ளா?’ என்றார்.

ஒன்றாம் தேதி சம்பளம் போட்டேன்.
வாளியை மாற்றி வைத்தேன்.
‘கி’க்கு ஆள் வரச் சொல்லியிருக்கிறேன், வரவில்லை.
பல் டாக்டருக்கு நாற்பதில்
பத்தொன்பது எழுதியாயிற்று.

பத்தொன்பதும்
அதே பாறை.